பழுது நீக்குவதா, புதிது வாங்குவதா?

அறம் பற்றிய வினாக்கள் ஆலயத்திலும் சாத்திரம் படிக்கும் அவையிலும்தான் எழும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கொலை, பொய், களவு ஆகியவை நேரே வந்து நிற்கும்போது விழிப்பாகவும் இருந்துவிடுகிறோம். ஆனால் இல்லறத்தாராகிய நமக்கு வினை வந்து சேரும் வழிகள் பெரும்பாலும் மிகச் சிறியவை. கடைவீதியிலும் சமையலறையிலும் வீட்டுப் பரணிலும் அது ஓசையின்றி ஊறிக்கொண்டிருக்கிறது. அண்மையில் காங்கேயத்தில் நம் இல்லத்தில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி இதனை நமக்கு நன்கு உணர்த்தியது. அதனை அன்பர்களுடன் பகிர்ந்துகொண்டு, அதிலிருந்து எழுந்த வினாவைச் சற்றே ஆராய விரும்புகிறோம்.

சுவரிலும் மரத்திலும் துளையிடும் பொறியை யாவரும் அறிவீர்கள். மின்கம்பி இல்லாமல், கைப்பிடியின் அடியில் மாட்டிய மின்கலத்தால் இயங்கும் வகையைக் கடைகளில் 'பேட்டரி டிரில்' என்பார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒன்றை வாங்கினோம். அலமாரித் தட்டு பொருத்தவும் திரைச்சீலைக் கம்பி மாட்டவும் ஆண்டுக்கு நான்கைந்து முறை அது பயன்பட்டது. கடந்த ஓராண்டாக அதனைத் தொடவே இல்லை. பூசை அறையில் சாத்திர நூல்களை வைக்க ஒரு தட்டு அமைக்கலாம் என்று எடுத்தபோது அது அசையவில்லை. சார்ஜரில் வைத்தால் சிவப்பு விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தது.

கடைக்கு எடுத்துச் சென்றோம். கடைக்காரர் தம்மிடமிருந்த வேறொரு பேட்டரியை மாட்டிப் பார்த்தார். பொறி நன்றாகச் சுழன்றது. “மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லைங்க ஐயா. பேட்டரிதான் போயிடுச்சுங்க. பேட்டரி மட்டும் வாங்கினால் புது டிரில் விலையில் பாதிக்கு மேல் வந்துவிடும். கூடக் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கிக்கலாமுங்க” என்றார். அவர் கூறியதில் பொய் ஏதுமில்லை. நாம் விடை சொல்லாமல் திரும்பி வந்தோம்.

வீட்டில் மூன்று கருத்துகள் எழுந்தன. “அப்பா, புதிதாகவே வாங்கிவிடலாம். பழைய மாடலுக்கு இவ்வளவு செலவு செய்வது வீண்” என்றான் மகன். “உள்ளே இருக்கும் செல்களை மட்டும் மாற்றித் தருபவர்கள் கோயம்புத்தூரில் இருக்கிறார்களாமே, அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள்” என்றார் நம் இல்லத்தரசியார். “அது பரணிலேயே கிடக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பது நம் கருத்து. சிக்கனம், வசதி, சோம்பல் ஆகிய மூன்றும் ஒரே கூடத்தில் அமர்ந்து வாதிட்டன என்றே சொல்ல வேண்டும். அறம் அந்தப் பேச்சில் இன்னும் நுழையவில்லை.

உயிரற்ற பொருளுக்கு நாம் கடன்பட்டுள்ளோமா?

இங்கு ஓர் ஐயம் எழலாம். துளைப்பொறி உயிரற்றது. உயிர், உயிரல்லது என்று உலகப் பொருள்களைப் பிரித்துக் காட்டுவது நம் சமயத்தின் அடிப்படை. இரும்பும் செம்பும் பிளாஸ்டிக்கும் புற்கலமே. அதற்கு இன்பமும் இல்லை, துன்பமும் இல்லை. அதனைத் தூக்கி எறிவதால் அதற்கு யாதொரு தீங்கும் இல்லை. அவ்வாறிருக்க இதில் அறவினா எங்கிருந்து வந்தது?

இந்த ஐயம் நியாயமானதே. கருவியின்மேல் இரக்கப்படுவது நல்லறிவாகாது. வயதான காளையை அடிமாடாக விற்பதையும் பழைய பொறியைக் கழிப்பதையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவாரும் உண்டு, அது பிழை. காங்கேயம் காளை ஓர் ஐயறிவுயிர். உழைத்து ஓய்ந்த பின்னும் அதனைக் காப்பது நம் கடமை. பொறிக்கு அத்தகைய உரிமை ஏதுமில்லை. ஆயினும் அப்பொறி உருவாவதற்கு முன்னும், கழிக்கப்பட்ட பின்னும், எண்ணற்ற உயிர்களோடு அது தொடர்புடையதாகிறது. நம் கடன் அவ்வுயிர்களிடத்தில் உள்ளது. நம் ஆன்மாவினிடத்திலும் உள்ளது. ஏனெனில் வாங்குவதும் எறிவதும் நம் மனத்தில் எவ்வகைப் பழக்கத்தை வளர்க்கின்றன என்பதும் வினைக்கணக்கைச் சேர்ந்ததே.

போகமும் உபபோகமும்

சிராவகருக்குரிய ஒழுக்கத்தை விளக்கும் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் ஆசாரியர் சமந்தபத்திரர் ஓர் அருமையான பாகுபாட்டைத் தந்துள்ளார். அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் நம் இல்லங்களில் பயிலப்படும் நூலே. நுகரும் பொருள்களை ஆசாரியர் இரண்டாகப் பகுக்கிறார். ஒருமுறை துய்த்ததும் தீர்ந்துவிடுவது போகம். உணவும் பூவும் போன்றவை. மீண்டும் மீண்டும் துய்க்கத் தக்கது உபபோகம். ஆடையும் அணியும் போன்றவை. இவ்விரண்டிற்கும் அளவு வகுத்துக்கொள்வது இல்லறத்தாருக்குரிய விரதங்களுள் ஒன்று.

இப்பாகுபாட்டை இக்காலப் பொருள்களின்மீது வைத்துப் பாருங்கள். துளைப்பொறி ஐயமின்றி உபபோகப் பொருள். பல்லாண்டுகள் மீண்டும் மீண்டும் பயன்படுவதற்கென்றே அது செய்யப்பட்டது. அதன் ஓர் உறுப்புப் பழுதானதும் முழுவதையும் எறிந்துவிட்டு வேறொன்றை வாங்கினால் நாம் செய்வது யாது? உபபோகத்தைப் போகமாக மாற்றிவிடுகிறோம். வாழைப்பழத்தை உண்டு தோலை எறிவதுபோல மோட்டாரையும் பற்சக்கரத்தையும் எறிகிறோம். தோல் மக்கி மண்ணாகும், மோட்டார் ஆகாது. நாம் கூற விரும்பும் செய்தியின் மையம் இதுவே: மீண்டும் மீண்டும் பயன்படும் பொருளை ஒருமுறைப் பொருளாக்கும் பழக்கம், நாம் மேற்கொண்ட விரதத்தின் எல்லையை நாம் அறியாமலே அழித்துவிடுகிறது.

ஒரு பொருளை எறிந்துவிட்டு மற்றொன்று வாங்கினால் கையிருப்பு ஒன்றுதானே, பொருள் வரைதல் என்னும் அணுவிரதம் எங்கே கெடுகிறது என்று சிலர் கேட்கலாம். அலமாரியை மட்டும் எண்ணினால் ஒன்றுதான். இருபது ஆண்டுகளில் ஐந்து பொறிகளை வாங்கி நான்கை எறிந்தவர் ஐந்து பொறிகளுக்கு உடையவர் ஆகிறார். அந்நான்கும் அவர் கண்ணில் படாத ஓரிடத்தில் கிடக்கின்றன, அவ்வளவே.

நம் மண்ணின் பழக்கம்

துளையிடும் தொழில் இப்பகுதிக்குப் புதியதன்று. காங்கேயத்திற்கு வடக்கே, நொய்யலின் வடகரையில் கொடுமணல் என்னும் சிற்றூர் உள்ளது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று குறிக்கப்படும் ஊர் இதுவென்பர். அங்கு நிகழ்ந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களும், பளிங்கு, சூதுபவளம், பெரில் முதலிய கற்களாலான மணிகளும் கிடைத்துள்ளன. துளையிட்ட மணிகளோடு, துளையிடாமல் பாதியில் நின்ற மணிகளும் கிடைத்திருப்பதால், மணிகள் அங்கேயே செய்யப்பட்டன என்பது தெளிவு. காங்கேயத்தை அடுத்த படியூர், பெரில் கல்லுக்குப் பெயர்பெற்ற ஊர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இம்மண்ணில் ஒருவர் அமர்ந்து, கடினமான கல்லில் மயிரிழை போன்ற துளையைப் பொறுமையாக இட்டிருக்கிறார். அண்மைக்காலம் வரை நம் ஊர்த் தச்சரும் வில்லை இழுத்துச் சுழற்றும் துறப்பணத்தால்தான் மரத்தில் துளையிட்டனர். முனை மழுங்கினால் தீட்டினர். கயிறு அறுந்தால் கயிற்றை மட்டும் மாற்றினர்.

மின்சாரம் வந்த பின்னும் அப்பழக்கம் மாறவில்லை. 1937-ஆம் ஆண்டில் கோவையில் பாலசுந்தரம் நாயுடு, ஜி. டி. நாயுடு ஆகியோரின் முயற்சியால் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்யப்பட்டது. அதன்பின் கொங்கு நாட்டுக் கிணறுதோறும் மோட்டார் ஏறியது. கிணற்று மோட்டாரில் காயில் எரிந்துபோனால் எந்த விவசாயியும் மோட்டாரை எறிவதில்லை. காயில் கட்டும் கடைக்கு எடுத்துச் செல்கிறார். எரிந்த செம்புக் கம்பியை உருவிவிட்டுப் புதிய கம்பி சுற்றி, வார்னிஷ் பூசிக் காயவைத்துத் தருகிறார்கள். அப்பா காலத்து மோட்டார் மகன் காலத்திலும் நீர் இறைக்கிறது. கொறங்காட்டுக் கிளுவை வேலியும் இவ்வாறே. ஓரிடத்தில் இடைவெளி விழுந்தால் அங்கு மட்டும் போத்து நட்டு வேலியை மூடுவார்களேயன்றி, முழு வேலியையும் பிடுங்குவதில்லை. நம் சமயத்தாரும் பழைய ஆலயத்தைச் செப்பனிடுவதை ஜீர்ணோத்தாரணம் என்று தனிப்பெயரிட்டுப் புண்ணியச் செயலாகவே போற்றி வந்துள்ளனர்.

அவ்வாறாயின் துளைப்பொறி மட்டும் ஏன் எளிதில் எறியப்படுகிறது? விடை அதன் மின்கலத்தில் உள்ளது.

பெட்டிக்குள் இருப்பவை

கையில் எடுத்துச் செல்லும் மின் துளைப்பொறியை 1895-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஃபைன் நிறுவனத்தார் செய்தனர். மின்கலத்தால் இயங்கும் பொறியை 1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் வெளியிட்டது. அதில் நிக்கல்-காட்மியம் கலங்கள் இருந்தன. காட்மியம் கொடிய நஞ்சாதலால், அத்தகைய கலங்களைக் கைப்பொறிகளில் விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2016 இறுதியோடு நிறுத்தியது. இன்று பெரும்பாலான பொறிகளில் இருப்பவை லித்தியம்-அயனி கலங்கள்.

18 வோல்ட் பேட்டரிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பெரிய விந்தை ஏதுமில்லை. விரல் அளவுள்ள ஐந்து செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.6 வோல்ட். கூடவே அவற்றைக் கண்காணிக்கும் ஒரு சிறு மின்னணுப் பலகை. ஐந்தில் ஒன்று நலிந்தாலும் பலகை முழுப் பெட்டியையும் நிறுத்திவிடும். நான்கு செல்கள் நன்றாக இருந்தும் ஐந்தும் குப்பைக்குச் செல்லும்.

லித்தியம் கலத்திற்கு மற்றோர் இயல்பும் உண்டு. பயன்படுத்தாமல் வைத்தாலும் அதன் மின்னேற்றம் சிறிது சிறிதாகக் குறையும். ஓர் அளவிற்குக் கீழே இறங்கிவிட்டால், சார்ஜர் பாதுகாப்புக் கருதி அதனை ஏற்க மறுக்கும். இதனை அறிந்தபோது நாம் தலைகுனிந்தோம். நம் பேட்டரி உழைத்துத் தேயவில்லை. மின்னேற்றம் தீர்ந்த நிலையில் ஓராண்டு பரணில் கிடந்ததால் கெட்டது. ஹிம்சையின் இலக்கணத்தைக் கூறவந்த உமாசுவாமி ஆசாரியர், பிரமாதம் எனப்படும் கவனமின்மையை அதனோடு இணைத்தே கூறியதன் ஆழம் அப்போதுதான் விளங்கிற்று. நாம் எவரையும் அடிக்கவில்லை, கொல்லவில்லை. ஒரு பொருளை வாங்கி மறந்தோம். அம்மறதியே வேறொரு சுரங்கத்தைத் தோண்டச் சொல்லும் காரணமாக வந்து நிற்கிறது.

சுரங்கம் என்பது மிகைச்சொல் அன்று. லித்தியம் தென்னமெரிக்காவின் உப்பு நிலங்களிலிருந்தும் ஆஸ்திரேலியாவின் பாறைகளிலிருந்தும் வருகிறது. பல கலங்களில் சேரும் கோபால்ட்டின் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில் வெட்டப்படுகிறது; அங்குச் சிறுவர்களும் மண் தோண்டும் அவலத்தை உலகம் அறியும். நிலத்தை உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டென்று நம்புகின்ற நாம், வீணே மண்ணை அகழ்வதைப் பயனில் தீச்செயல்களுள் ஒன்றாக ஆசாரியர்கள் வைத்ததை மறக்கலாகாது. நாமா தோண்டினோம் என்று கேட்பது எளிது. செய்தல், செய்வித்தல், செய்தாரை உடன்படல் ஆகிய மூன்று வழியிலும் வினை சேரும் என்பது நம் சமயக் கொள்கையல்லவா? வீணாக வாங்குபவர் செய்விப்போருள் ஒருவர்.

கழித்த பொருள் செல்லுமிடம்

வாங்குவதைப் பற்றிச் சொன்னோம். எறிவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலகெங்கும் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்-மின்னணுக் கழிவுகள் சேர்ந்தன என்றும், அவற்றுள் முறைப்படி திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானவை 22.3 விழுக்காடே என்றும் ஐக்கிய நாடுகள் சார்ந்த அமைப்புகள் 2024-ஆம் ஆண்டு அறிக்கையில் தெரிவித்தன. எஞ்சியவை எங்கே? குப்பை மேட்டிலும், கம்பியை எரித்துச் செம்பு எடுப்பவர் அடுப்பிலும், நீர்நிலைகளிலும் உள்ளன.

கழிவு எங்கே செல்கிறது என்று கேளாமல் இருந்ததன் விளைவை நம் பகுதியினர் நன்கறிவர். நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ஆம் ஆண்டில் பாசனத்திற்கெனக் கட்டி முடிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அது திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. சுற்றியிருந்த கிணறுகளும் வயல்களும் கெட்டன. ஆடுமாடுகளும் அந்நீரைக் குடிக்க இயலவில்லை. கழிவுநீரைச் சிறிதும் ஆற்றில் விடாத நிலையை எட்டாத சாய ஆலைகளை மூடுமாறு 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த ஆலைகளில் சாயமேறிய துணியை உடுத்தியவர் எவரும் நொய்யலைக் கெடுக்க வேண்டுமென்று எண்ணியதில்லை. துணியின் விலையில் ஆற்றின் விலை சேராதிருந்தது, அவ்வளவே. புதுப் பொறி மலிவு, பழுது நீக்குவது வீண்செலவு என்று நம் மகன் போட்ட கணக்கிலும் இவ்வாறு சேராத தொகைகள் உண்டு.

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் காக்கும் கவனம் ஒன்று. கழிப்பவற்றை உயிர்களுக்கு ஊறின்றிக் கழிக்கும் கவனம் மற்றொன்று. இல்லறத்தார் அவற்றை முழுமையாகக் கைக்கொள்ள இயலாது. ஆயினும் கெட்ட பேட்டரியை வீட்டுக் குப்பையோடு சேர்த்து எறியாதிருக்கும் அளவிற்கேனும் கைக்கொள்ளலாம். நசுங்கினாலோ சூடேறினாலோ லித்தியம் கலம் தீப்பற்றும். குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரே அதற்கு முதலில் இரையாவார். இந்திய அரசு 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைத்துள்ளன. அதனை மற்றக் குப்பையிலிருந்து பிரித்துக் கொடுப்பது பயன்படுத்துவோர் கடமை.

பழுது நீக்குவதே எப்போதும் அறமா?

இதுவரை படித்தவர்கள், எப்பாடுபட்டேனும் பழையதையே பழுதுபார்த்து வைத்துக்கொள் என்பதே முடிவு எனக் கருதலாம். அதுவும் ஒருதலைப்பட்சமே. பல கோணங்களில் நோக்குவதே நமக்கு உரிய நெறி.

திகம்பர முனிவரை நினைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் துறந்த அவரிடம் மூன்று உபகரணங்களே உள்ளன: மயிற்பீலி, கமண்டலம், சாத்திரம். கமண்டலம் பல்லாண்டுகள் உடன் வருகிறது. மயிற்பீலியோ சாதுர்மாசம் முடிந்தபின் ஆண்டுதோறும் மாற்றப்படுகிறது. ஏன்? நாட்பட்ட பீலி மென்மை இழந்துவிடும். எறும்பை ஊறின்றி விலக்க வேண்டிய பீலி அதனைக் காயப்படுத்தக் கூடும். உலகில் எவரினும் குறைவாகப் பொருள் உடையவரே ஒரு பொருளை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார். புதிய பீலிக்கென எந்த மயிலும் துன்புறுத்தப்படுவதில்லை. தானே உதிர்ந்த இறகுகளே தொகுக்கப்படுகின்றன. பழைய பீலியை விரதம் ஏற்கும் சிராவகர் ஒருவர் பணிவுடன் பெற்றுக்கொள்கிறார். பழைமை, புதுமை என்பன அங்கு அளவுகோல் ஆகவில்லை. உயிருக்கு ஊறு குறைவது எவ்வழி என்பதே அளவுகோல்.

இந்த அளவுகோலை நம் பொறிக்கும் வைக்கலாம். பேட்டரிச் செல்களை மாற்றுவோர் பலர் திறமையானவர்களே. முறையாகச் செய்பவர் ஒரே தரமுள்ள ஐந்து செல்களைத் தேர்ந்து, சூடு உள்ளே இறங்காதவாறு நிக்கல் பட்டையைப் பற்றவைப்பார். அரைகுறையாகச் செய்தால், பழைய மடிக்கணினியிலிருந்து எடுத்த செல்லும் புதிய செல்லும் கலந்து உள்ளே போகும். அது நள்ளிரவில் சார்ஜரில் எரியலாம். நல்லதோடு போலியைக் கலந்து விற்பதைக் கள்ளாமை விரதத்திற்கு நேரும் குற்றமாக ஆசாரியர் எண்ணியிருக்கிறார். வாணிகம் செய்யும் நம் அன்பர்கள் இதனைக் கருத வேண்டும். தீவிபத்துக்கு இடமளிக்கும் பழுதுநீக்கம் சிக்கனமாகலாம், அஹிம்சை ஆகாது.

மேலும், எறிய மனமின்றிப் பரணில் போட்டுவைப்பதும் அறமன்று. 'பிறகு பார்க்கலாம்' என்ற நம் சொல் பற்றற்ற நிலையிலிருந்து வரவில்லை. பயன்படுத்தவும் மனமில்லை, பிறருக்குக் கொடுக்கவும் மனமில்லை. இது பரிக்கிரகத்தின் மிக எளிய வடிவம்.

உற்பத்தியாளரின் பொறுப்பையும் நாம் மறைக்கலாகாது. 1920-களில் விளக்குத் தயாரிக்கும் பெரு நிறுவனங்கள் ஜெனிவாவில் ஒன்றுகூடி, மின்விளக்கின் ஆயுள் 1,000 மணி நேரத்தை மிஞ்சக் கூடாதென உடன்பாடு செய்துகொண்டது வரலாறு. ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொரு நிறுவனத்தின் பொறியில் பொருந்தாமல் செய்யப்படுவதை இன்றும் காண்கிறோம். பழுது நீக்கும் உரிமையைப் பற்றி ஆராய நம் நாட்டின் நுகர்வோர் நலத்துறை 2022-ஆம் ஆண்டில் ஒரு குழுவை அமைத்தது வரவேற்கத் தக்கது. எல்லோரும் பழையதையே வைத்துக்கொண்டால் தொழிலாளர் பிழைப்பு என்னாகும் என்று கேட்போருக்கும் ஒரு சொல்: காயில் கட்டுபவரும், செல் மாற்றுபவரும், சாணை பிடிப்பவரும் தொழிலாளரே. புதிது வாங்கும் பணத்தின் பெரும்பகுதி தொலைதூரம் செல்கிறது. பழுது நீக்கும் கூலி நம் தெருவில் தங்குகிறது.

நாம் செய்தது

இவ்வாறெல்லாம் எண்ணியபின், பொறியைப் பரணில் திரும்ப வைக்கும்பொருட்டு அல்ல, இடத்தைத் துப்புரவு செய்வதற்காகவே ஏறினோம். அங்கே ஒரு பழைய மரப்பெட்டியில், 1994-ஆம் ஆண்டில் கோவையில் வாங்கிய மின்கம்பியுள்ள துளைப்பொறி ஒன்று இருந்தது. அதனை அடியோடு மறந்துவிட்டிருந்தோம். பொறி சற்றே திக்கியதும், கம்பியை இழுத்துக்கொண்டு திரிவது தொல்லை என்று கருதியே பேட்டரிப் பொறியை வாங்கினோம் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. காயில் கட்டும் கடையில் காட்டினோம். மோட்டாரைத் தொட்டுச் சுழலவிடும் இரண்டு கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருந்தன. ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவில் அவை மாற்றப்பட்டன. பொறி முழக்கமிட்டுச் சுழன்றது.

நம் வினா முழுவதும் மாறிவிட்டதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். பேட்டரிப் பொறியைப் பழுது நீக்குவதா, புதிது வாங்குவதா என்று பல நாள் வாதிட்டோம். அதனை வாங்கியதே ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே வினாவைக் கேளாமல் விட்டதால் நேர்ந்த பிழை. அன்று கார்பன் பிரஷ் மாற்றியிருந்தால் இன்று லித்தியத்தைப் பற்றி நாம் பேசியிருக்க வேண்டியதில்லை.

பேட்டரிப் பொறியை என்ன செய்தோம்? நம் தெருவில் ஓர் இளம் தச்சர் இருக்கிறார். அதே நிறுவனத்தின் அதே 18 வோல்ட் பேட்டரிகள் இரண்டு அவரிடம் உள்ளன; அவருடைய பொறியின் பற்சக்கரம் தேய்ந்திருந்தது. நம் பொறியின் உடல் அவரிடம் சென்றது. ஆண்டுக்கு நான்கு முறை சுழன்றது இப்போது நாள்தோறும் சுழல்கிறது. “விலை என்னங்க ஐயா?” என்று கேட்டார். பூசை அறைத் தட்டை அமைத்துத் தாருங்கள், போதும் என்றோம். கெட்ட பேட்டரியின் முனைகளை டேப்பால் மூடி, மின்கழிவு திரட்டும் இடத்தில் ஒப்படைத்தோம். நம் இல்லத்தரசியார் கருத்திலும் மகன் கருத்திலும் இருந்த நியாயம் ஓரளவு நிறைவேறிற்று. நம்முடைய கருத்தில் நியாயம் ஏதும் இருக்கவில்லை.

ஒவ்வோர் இல்லத்திற்கும் இதே தீர்வு பொருந்தும் என்று சொல்லமாட்டோம். தச்சுத் தொழிலே பிழைப்பாகக் கொண்டவர் நல்ல புதிய பொறியை வாங்குவதில் குற்றமில்லை. இல்லறத்தார்க்குத் தொழிலினால் நேரும் ஊறு, கவனத்தோடு குறைக்க வேண்டியதேயன்றி முற்றும் தவிர்க்க இயலாதது. ஆயினும் ஒரு கருவி பழுதாகும்போது சில வினாக்களை நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். இது கெட்டது உழைப்பினாலா, நம் கவனமின்மையாலா? கெட்டது எந்த உறுப்பு. அதனை மட்டும் மாற்ற இயலுமா? மாற்றினால் எவர்க்கும் தீங்கின்றி இயங்குமா? நம் வீட்டிலோ, அயலார் வீட்டிலோ இதே வேலைக்கு வேறொன்று இருக்கிறதா? கழிக்கத்தான் வேண்டுமெனில், அது எவர் கைக்குச் செல்லும்? இவ்வைந்திற்கும் நேர்மையாக விடை கண்டபின் வாங்குபவர் வாங்கட்டும். அது அளவறிந்து வாங்குவதாகும்.

அட்டாணிகமும் தசலக்ஷண பருவமும் வரும்போது நாம் உணவில் அளவு வகுத்துக்கொள்கிறோம். அடுத்த தசலக்ஷணத்தின்போது பரணையும் ஒருமுறை இறக்கிப் பார்க்கலாம். குழந்தைகளையும் உடன் வைத்துக்கொண்டு, எது உபபோகம், எதனை நாம் போகமாக்கிவிட்டோம் என்று பிரித்துப் பார்க்கலாம். பொருள் வரைதல் என்னும் விரதத்திற்கு அதனினும் எளிய பாடம் வேறொன்று நமக்குத் தோன்றவில்லை. பூசை அறையில் புதிய தட்டின்மேல் சாத்திர நூல்கள் இப்போது அமர்ந்திருக்கின்றன. அவற்றை எடுக்கும்போதெல்லாம் அந்த நான்கு துளைகளும் நம் கண்ணில் படுகின்றன.

அறம் வளர்க.